நல்லூரைச் சுற்றி ஐந்து வாசல்கள்

யாழ்ப்பாணம் போகிற எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பட்டியல் கொடுத்துவிடுவார்கள். நல்லூர், செல்வச் சந்நிதி, மாவிட்டபுரம், கீரிமலை, நயினாதீவு. ஒரு வான் பிடித்தால் இரண்டு நாளில் எல்லாம் பார்த்து முடிக்கலாம். இறங்குவது, கும்பிடுவது, திருநீறு பூசுவது, வெளியே வந்து படம் எடுப்பது, திரும்ப வானில் ஏறுவது. ரொறொன்ரோ வந்து போனைத் திறந்து பார்த்தால் எந்தக் கோபுரம் எந்தக் கோயில் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

2025 ஆடியில் நானும் அம்மாவும் போனபோது எங்களிடமும் அதே பட்டியல்தான் இருந்தது. அப்பா இறந்து இரண்டு வருடம். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் அவருக்குத் தர்ப்பணம் செய்யவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அமாவாசை ஜூலை 24. நல்லூர்க் கொடியேற்றம் ஜூலை 29. அதற்கு முன்னும் பின்னும் மாமி வீட்டில் தங்கி, மச்சானின் ஓட்டோவில் மற்றக் கோயில்களுக்குப் போய்வந்தோம்.

எனக்கு அந்தப் பட்டியலோடு ஒரு கேள்வியும் இருந்தது. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டில் இருந்து பேர்ச்மவுண்ட் ரோட்டில் இருக்கிற கனடா கந்தசுவாமி கோயிலுக்குக் காரில் பத்து நிமிடம். வெள்ளிக்கிழமைகளில் அப்பாதான் எங்களை ஏற்றிக்கொண்டு போவார். வாசலில் இறக்கிவிடுவார். ஆனால் உள்ளே வரமாட்டார். காரிலேயே இருந்து தமிழ் ரேடியோ கேட்பார். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். கேட்டால் "கால் நோகுது" என்பார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்றும் சொல்லமுடியாது. வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் காலையில் நின்று திருநீறு பூசாமல் வேலைக்குப் போனதில்லை. கோயில் வாசலைத் தாண்டுவதுதான் அவருக்கு முடியாமல் இருந்தது.

ஆகவே ஒவ்வொரு கோயிலிலும் நான் கேட்டது ஒன்றுதான்: இந்த வாசலால் யார் உள்ளே போனார்கள், யார் போகவில்லை?

நல்லூர்

முதலில் ஒரு விஷயம். நல்லூர் என்பது ஒரு கோயில் மட்டும் இல்லை. அது யாழ்ப்பாண இராச்சியத்தின் தலைநகரம். ஊரின் நான்கு பக்கமும் காவலுக்கு என்று நான்கு கோயில்கள் இருந்ததாகச் சொல்வார்கள்: கிழக்கில் வெயிலுகந்த பிள்ளையார், மேற்கில் வீரமாகாளி அம்மன், தெற்கில் கைலாயநாதர், வடக்கில் சட்டநாதர். இந்தப் பெயர்களில் இன்றும் அங்கே கோயில்கள் இருக்கின்றன. ஓட்டோவில் ஒரு மணித்தியாலத்தில் நான்கையும் சுற்றிவந்துவிடலாம். சுற்றி முடித்தபோதுதான் ஒரு நகரத்தைக் கோயில்களால் வேலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது.

அந்தப் பழைய கந்தசுவாமி கோயில் இப்போது இல்லை. 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா அதை இடித்தார். அது இருந்த இடம் என்று சொல்லப்படுகிற முத்திரைச் சந்தியில் இன்று சென் ஜேம்ஸ் தேவாலயம் நிற்கிறது. பக்கத்தில் சங்கிலியன் சிலை. நாங்கள் கும்பிடுகிற கோயில் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில், வேறு இடத்தில் திரும்பக் கட்டியது. மூலஸ்தானத்தில் இருப்பது வேல்.

நல்லூரில் மூன்று விஷயங்கள் கனடாப் பிள்ளைகளை ஆச்சரியப்படுத்தும். ஒன்று, நேரம். மணி அடிக்கிற நேரத்துக்குப் பூசை தொடங்கும். எந்த அமைச்சருக்காகவும் காத்திருக்கமாட்டார்கள். இரண்டாவது, ஆண்கள் எல்லாரும் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். ஜனாதிபதி வந்தாலும் கழற்றவேண்டும். மூன்றாவது, அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா. அந்தக் காசுக்கு இன்று கடையில் ஒரு ரொபி கூட வாங்க முடியாது. பணக்காரன், ஏழை, வெளிநாட்டுக்காரன் எல்லாருக்கும் அதே ஒரு ரூபாதான்.

கொடியேற்றத்தில் இருந்து 25 நாள் திருவிழா. ஆவணி அமாவாசையில் தீர்த்தத்தோடு முடியும். கோயிலைச் சுற்றி வீதிகளை மூடிவிடுவார்கள். செருப்பு இல்லாமல் நடக்கவேண்டும். விடிய முன்னரே ஆண்கள் வெளிவீதியில் அங்கப் பிரதட்சணம் செய்கிறார்கள், பெண்கள் அடி அழிக்கிறார்கள். விழுந்து கும்பிட்டு, எழும்பி, இரண்டு எட்டு வைத்து, திரும்பவும் விழுந்து கும்பிடுவதுதான் அடி அழிப்பது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக அப்படிச் சுற்றிவந்தார். யாருக்காக என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாமிக்கு நல்லூர் என்றால் 1987 அக்டோபர். இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்த நாட்களில் ஆயிரக்கணக்கான சனம் இந்தக் கோயிலில் வந்து தஞ்சம் அடைந்தது. மாமியும் கைக்குழந்தையோடு வந்து தூணுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். "அண்டைக்கு ஒருத்தரும் நீ ஆர், எவடம் எண்டு கேக்கேல்லை, பிள்ளை. எல்லாருக்கும் உயிர்ப்பயம்" என்றார்.

சாதாரண நாட்களில் கேட்பார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். நல்லூர் வாசல் எல்லாருக்கும் திறந்ததே 1950களில்தான்.

செல்வச் சந்நிதி

தொண்டைமானாற்றில், ஆற்றங்கரையில் இருக்கிறது சந்நிதி. முருகனுக்கே இங்கு ஆற்றங்கரையான் என்று ஒரு பேர். அன்னதானக் கந்தன் என்றும் சொல்வார்கள். கோயிலைச் சுற்றி மடங்கள். எந்த நேரம் போனாலும் எங்கோ ஒரு மடத்தில் சோறு போடுவார்கள். நாங்கள் போனபோது ஒரு பக்கம் வெளிநாட்டில் இருந்து வந்த குடும்பம், மறுபக்கம் வீடு வாசல் இல்லாத ஒரு ஐயா. ஒரே பந்தி, ஒரே சாம்பார்.

ஆனால் சந்நிதியின் பெரிய விஷயம் சோறு இல்லை, பூசை. இங்கே பிராமணக் குருக்கள் பூசை செய்வதில்லை. மருதர் கதிர்காமர் என்ற மீன்பிடிக்கிற ஒருவருக்கு முருகன் காட்சி கொடுத்து, நீயே எனக்குப் பூசை செய் என்று சொன்னாராம். அவருடைய வழியில் வந்தவர்கள்தான் இன்றைக்கும் பூசை செய்கிறார்கள். அவர்களைக் கப்பூகர் என்று சொல்வார்கள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல், மௌனமாகப் பூசை நடக்கும். கதிர்காமத்திலும் இந்த முறைதான். ஒவ்வொரு வருடமும் சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குச் சனம் கால்நடையாகப் போகிறது. வடக்கின் நுனியில் இருந்து தெற்கு வரை.

ரொறொன்ரோவில் பூசை முழுக்கச் சமஸ்கிருதம். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, விளங்காததுதான் பக்தி என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகள் எங்களில் நிறையப் பேர். சந்நிதியில் யாருக்குமே விளங்கவேண்டிய சொல் இல்லை. எல்லாரும் சும்மா நிற்கிறோம். மணியும் தீபமும் மட்டும். அந்த அமைதியில் மாமி அழுதுகொண்டு நின்றார்.

வெளியே வந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது மாமி சொன்னார்: "உன்ரை கொப்பர் கனடா போக முந்திக் கடைசியாக் கும்பிட்ட கோயில் இதுதான். இஞ்ச மட்டும் உள்ள வருவார்."

"ஏன் இஞ்ச மட்டும்?" என்று கேட்டேன்.

"மாவிட்டபுரத்துக்குப் போகேக்க சொல்லுறன்."

மாவிட்டபுரம்

காங்கேசன்துறை வீதியால் போகவேண்டும். வழியில் தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயில். தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் அந்தக் கோயிலைப் பெரிதாக வளர்த்து, ஆதரவு இல்லாத பெண் பிள்ளைகளுக்கு அதோடு சேர்த்து ஒரு இல்லமும் நடத்தினார். ஒரு கோயில் என்னென்ன செய்யலாம் என்று காட்டிய பெண். அங்கேயும் ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

மாவிட்டபுரத்தின் கதையை அம்மம்மாமார் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். குதிரை முகத்தோடு இருந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் தீர்த்தம் ஆடியதும் அந்த முகம் நீங்கியது. மா என்றால் குதிரை. மா விட்ட புரம். அந்த நன்றிக்குக் கட்டிய கோயில் என்பார்கள்.

மாமி சொன்னது வேறு கதை. அது 1968.

1957இலேயே இலங்கையில் ஒரு சட்டம் வந்துவிட்டது. சாதியைச் சொல்லி ஒருவரைக் கோயிலிலோ, கடையிலோ, பள்ளிக்கூடத்திலோ தடுத்தால் குற்றம். சட்டம் புத்தகத்தில் இருந்தது, வாசல் பூட்டி இருந்தது. 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்தில் இருந்து ஒரு பெரிய ஊர்வலம் போனது. பிறகு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. தேநீர்க் கடைகளில் தொடங்கி, 1968 ஆடித் திருவிழாக் காலத்தில் மாவிட்டபுரம் வாசலுக்கு வந்தார்கள். குளித்து, வேட்டி கட்டி, கும்பிட வந்தவர்கள். உள்ளே விடச் சொல்லி வாசலில் உட்கார்ந்தார்கள்.

அவர்களை மறித்தவர்களுக்கு முன்னால் நின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். தமிழருக்குத் தனி நாடு வேண்டும் என்று மிக முன்னரே கேட்டவர்களில் ஒருவர். தமிழருக்கு நீதி கேட்ட அதே மனிதர் கோயில் வாசலில் தமிழரை மறித்தார். அவர் மேல் போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அங்கேயும் அவர் தோற்றார்.

இந்தக் கதையைக் கேட்டபடி நாங்கள் அந்த வாசலில்தான் நின்றோம். அப்போதுதான் மாமி அப்பாவின் கதையையும் சொன்னார்.

அது வேறு ஊர், வேறு கோயில். பேர் இங்கே வேண்டாம். திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவதும் பந்தல் போடுவதும் அப்பப்பாவின் வேலை. பந்தலைப் போட்டுவிட்டு வெளிமதிலுக்கு அப்பால் நின்று கும்பிடவேண்டும். அதற்கு உள்ளே போக முடியாது. அப்பாவுக்குப் பத்து வயது. மாவிட்டபுரத்தில் சண்டை நடந்து இரண்டு வருடம் இருக்கும். வகுப்பில் பக்கத்தில் இருக்கிற சிநேகிதன் உள்ளே ஓட, அப்பாவும் பின்னால் ஓடியிருக்கிறார். ஒரு பெரியவர் காதில் பிடித்து இழுத்துவந்து, திருவிழாச் சனம் முழுக்கப் பார்க்க வெளியே விட்டார். அதோடு நிற்கவில்லை. கோயிலைக் கழுவிச் சாந்தி செய்கிற செலவை அப்பப்பாவிடம் கேட்டார்கள். அப்பப்பா கடன் வாங்கிக் கட்டினார்.

"கட்டிப்போட்டு வந்து அண்ணையை அடிக்கேல்லை. பேசவும் இல்லை. 'இனிமேல் அவங்கட வாசலுக்குப் போகாதை' எண்டு மட்டும் சொன்னவர். அண்ணை பிறகு போகவே இல்லை" என்றார் மாமி.

அம்மாவுக்கு இது கல்யாணம் முடித்த நாளில் இருந்தே தெரியும். "பிள்ளையளுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர். அதுகள் அங்க பிறந்ததுகள், அதுகளுக்கு ஏன் இந்த ஊத்தை எண்டு சொல்லுவார்" என்றார் அம்மா.

அந்த ஊர்க் கோயில் பக்கத்தில்தான், இப்போது எல்லாரும் போகலாம், பார்க்கப்போகிறோமா என்று மச்சான் கேட்டார். அம்மா வேண்டாம் என்றார். ஆனால் மாவிட்டபுரம் வாசலில் அம்மா நிற்கவில்லை. மூன்று பேரையும் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்த வாசல் யாரும் இரக்கப்பட்டுத் திறந்த வாசல் இல்லை. ஆட்கள் உட்கார்ந்து, அடி வாங்கித் திறந்த வாசல்.

இதே கோயிலுக்கு இன்னொரு கதை இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. பிறகு அந்தப் பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். 2009க்குப் பிறகுதான் துண்டு துண்டாக விட்டார்கள். சில காணிகள் இன்னும் விடுபடவில்லை. ஸ்காபரோவில் இந்த இரண்டாவது கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். தமிழ் வகுப்பில், மே 18இல், பேச்சுப் போட்டியில் எல்லாம் சொல்கிறோம். சொல்லவேண்டும். ஆனால் 1968ஐ எனக்கு ஒரு மேடையிலும் யாரும் சொல்லித்தரவில்லை. இராணுவம் பூட்டிய வாசலைப் பற்றி மட்டும் பேசி, நாங்களே பூட்டிய வாசலை விட்டுவிட்டால் அது பாதிக் கதை.

கீரிமலை

மாவிட்டபுரத்தில் இருந்து ஓட்டோவில் சில நிமிடம். கடல் ஓரத்தில் ஒரு கேணி. இந்தப் பக்கம் உப்புக் கடல், நடுவில் ஒரு மதில், அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊற்று. ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு ஒரு கேணி. கீரி முகத்தோடு இருந்த நகுல முனிவர் இங்கே குளித்துச் சாபம் நீங்கியதாகக் கதை. நகுலம் என்றால் கீரி. அதனால் கோயில் நகுலேஸ்வரம். இலங்கையின் ஐந்து ஈஸ்வரங்களில் ஒன்று. போர்த்துக்கேயர் இடித்தார்கள், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திரும்பக் கட்டினார்கள், 1990 அக்டோபரில் விமானம் குண்டு போட்டது, போருக்குப் பிறகு திரும்பவும் கட்டினார்கள்.

ஆடி அமாவாசை தகப்பன் இல்லாதவர்களின் நாள். தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரைப் பௌர்ணமி. மாவிட்டபுரத்து முருகனும் அன்றைக்குத்தான் கீரிமலைக்குத் தீர்த்தம் ஆட வருவார். நாங்கள் போனபோது கரை முழுக்கச் சனம். ஐயர்மார் வரிசையாக இருக்கிறார்கள். முன்னால் வாழையிலை, எள்ளு, பச்சரிசி, தர்ப்பை.

"மகன் இல்லையோ?" என்று ஐயர் கேட்டார்.

"ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள். இவதான் மூத்தவ" என்றார் அம்மா.

கொஞ்சம் யோசித்தார். மருமகன் தண்ணீர் விடட்டும், பிள்ளை பக்கத்தில் இருந்து பேரைச் சொல்லட்டும் என்றார். இதுவே பெரிய விஷயம் என்று மாமி காதுக்குள் சொன்னார். எனக்கு அது அரைவாசிதான் பெரிய விஷயம். ஆனாலும் இருந்தேன்.

தர்ப்பணத்துக்கு மூன்று தலைமுறைப் பேர் வேண்டும். அப்பா, அப்பப்பா, பூட்டன். அப்பாவின் பேரைச் சொன்னேன். அப்பப்பாவின் பேரையும் சொன்னேன். பூட்டனின் பேர் எனக்குத் தெரியாது. மாமி சொன்னார். ஐயர் திரும்பக் கேட்டார்: பின்னால் 'சாமி' இருக்கிறதா, இல்லையா?

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்தக் காலத்தில் சில குடும்பங்களுக்கு 'சாமி' என்று முடிகிற பேர் வைக்க உரிமை இல்லை. வைத்தாலும் பதிவில் அரைவாசியைத்தான் எழுதுவார்கள். கூப்பிடுவதும் அந்த அரைவாசியைத்தான். பூட்டனின் பிறப்புப் பதிவில் என்ன இருந்தது என்று மாமிக்குத் தெரியும். ஐயரை நேராகப் பார்த்துச் சொன்னார்: "சாமி இருக்கு, ஐயா. முழுப் பேரையும் சொல்லுங்கோ."

ஐயர் முழுப் பேரையும் சொன்னார். நானும் சொன்னேன். மச்சான் தண்ணீர் விட்டார்.

வீட்டுக்கு வந்து மாமி காத்தோட்டிக்காய் சமைத்தார். ஆடி அமாவாசைக்கு யாழ்ப்பாணத்தில் அது கட்டாயம். பயங்கரக் கைப்பு. ரொறொன்ரோவில் பாவற்காய்க்கே முகம் சுளிக்கிற நான் அன்றைக்கு முழுவதையும் சாப்பிட்டேன்.

நயினாதீவு

கடைசி வாசலுக்குக் கடல் தாண்டவேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் கடலுக்கு நடுவே போகிற வீதி. இரண்டு பக்கமும் தண்ணீர். புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கிற பெரிய பெரிய வீடுகளைப் பாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் உங்களோடு ஸ்காபரோவில் படித்தவர்களாக இருப்பார்கள். குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினால் அடுத்தது நயினாதீவு.

இறங்குகிற இடத்தில் நாகபூசணி அம்மன் கோயில். கொஞ்சம் தள்ளி நாகவிகாரை. தெற்கில் இருந்து வருகிற சிங்களச் சனம் இரண்டுக்கும் போகிறது. பௌத்தருக்கு இது புத்தர் வந்து இரண்டு நாக அரசர்களின் சண்டையைத் தீர்த்துவைத்த தீவு. அவர்கள் சண்டை போட்டது ஒரு மணி ஆசனத்துக்காக. மணிமேகலைக் காப்பியத்தில் வருகிற மணிபல்லவம் இதுதான் என்று சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆக, பகையைத் தீர்த்ததாகக் கதை உள்ள ஒரு தீவு. அதே தீவில் 1958 கலவரத்தின்போது விகாரை தாக்கப்பட்டது. போர்க்காலத்தில் அம்மன் கோயில் தாக்கப்பட்டது. இரண்டும் இப்போது திரும்பவும் நிற்கின்றன. அம்மனின் கோபுரம் கடலில் இருந்தே தெரிகிறது.

வள்ளத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிங்களப் பாட்டி. அம்மாவின் கையில் இருந்த பூவைக் காட்டி ஏதோ கேட்டார். மொழி இல்லை. அம்மா பாதிப் பூவை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. இதனால் நாட்டுப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

இங்கே, எங்கள் பக்கம்

ஸ்காபரோவில் எங்கள் கோயில்கள் நிறையப் பழைய களஞ்சியக் கட்டடங்களில்தான் தொடங்கின. வெளிமதில் இல்லை, நான்கு வீதி இல்லை. கார்த் தரிப்பிடத்தால் நேராக உள்ளே. வாசலில் யாரும் உங்களை மறித்து நீ யார் என்று கேட்கமாட்டார்கள். அதனால் சாதி இங்கே வரவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

அது வாசலில் கேட்பதில்லை, வேறு இடத்தில் கேட்கிறது. பிறந்தநாள் விழாவில் ஒரு அன்ரி உங்களிடம் சிரித்துக்கொண்டு கேட்பார்: "அப்பா எவடம்?" யாழ்ப்பாணம் என்று சொன்னால் விடமாட்டார். "யாழ்ப்பாணத்தில எவடம்? எந்தக் கோயிலடி?" என் அப்பா எப்போதும் "ரவுண் பக்கம்" என்று சொல்லி முடித்துவிடுவார். அது ஊர் விசாரிப்பது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். பல நேரம் அது உண்மையிலேயே ஊர் விசாரிப்புத்தான். கல்யாணப் பேச்சு வரும்போது அது வேறு.

இதை இங்கே பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 மார்ச்சில் ரொறொன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை, பள்ளிகளில் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்தவர் ஸ்காபரோவின் தமிழ் உறுப்பினர் யாழினி ராஜகுலசிங்கம். அதே வருடம் அக்டோபரில் ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம், சாதியைச் சொல்லி ஒருவரைத் தள்ளிவைப்பது இந்த மாகாணச் சட்டத்தின்கீழும் தடைசெய்யப்பட்ட பாகுபாடுதான் என்று தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. சட்டம் புத்தகத்துக்கு வந்துவிட்டது. 1957க்கும் 1968க்கும் நடுவில் பதினொரு வருடம் போனது என்பதையும் மறக்கவேண்டாம்.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அப்பா மறைத்ததை நான் சொல்வது சரியா என்பது எனக்கு இன்னும் முடிவாகத் தெரியாது. அம்மா நிறைய நேரம் யோசித்துவிட்டு, "அவர் வெட்கப்பட்டு மறைக்கேல்லை. நீங்கள் வெட்கப்படக் கூடாது எண்டு மறைச்சவர். உனக்கு வெட்கமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எழுது."

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். நல்லூரில் உள்ளே படம் எடுக்க முடியாது, போனைப் பையில் வையுங்கள். பெண்கள் சேலையோ பாவாடை தாவணியோ பஞ்சாபியோ கட்டுங்கள். சந்நிதியில் கட்டாயம் பந்தியில் இருந்து சாப்பிடுங்கள். மாவிட்டபுரத்துக்குப் போக முன்னர் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைத் தேடிப் படியுங்கள். 1972இல் வந்தது, அந்த வருடங்களின் யாழ்ப்பாணம் அதில் இருக்கிறது. தமிழ் வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் வீட்டில் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள்.

இன்னொன்று. விமானம் ஏற முன்னர் உங்கள் பூட்டன், பூட்டியின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். முழுப் பேரை.